வாய்தா நாள் சவரம்

கிரீம் போட்டால் கழுத்து சிவந்து தடிக்கிறது.
மூன்று பிராண்டு மாற்றியாயிற்று.
கோரிப்பாளையத்துத் தோல் டாக்டர்
நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
"கொஞ்ச நாள் எண்ணெய் வச்சுப் பாருங்க" என்றார்.

முதலில் விளக்கெண்ணெய்.
சித்திரைக் கூட்டத்தில் ஆற்றுப் பாலத்தில் மாட்டிய
ஆட்டோ மாதிரி
பிளேடு நின்ற இடத்திலேயே நின்றது.
அடுத்து தேங்காயெண்ணெய். பரவாயில்லை,
ஆனால் மார்கழி விடியலில்
பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே நிற்கணும்.
கடைசியில் நல்லெண்ணெய்,
செல்லூர் செக்கில் ஆட்டியது,
குழம்புக்கு என்று எடுத்து வைத்திருந்தது.
ஒச்சம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள்:
"பாத்ரூமுக்குள்ள யாரு இட்லிப்பொடி குழைக்கிறது?"

வெந்நீர்த் துணியை முகத்தில் ஒத்தி
இரண்டு நிமிஷம்.
உள்ளங்கையில் நாலு சொட்டு.
அஞ்சாவது சொட்டு ரேஸரை அடைத்துவிடும்.
ஒவ்வொரு இழுப்புக்கும் சொம்பில் முக்கி அலசணும்.
முடிந்ததும் பயத்தமாவு.
தரையில் கவனம்,
போன வாரம் வழுக்கி
வாளியைக் கட்டிக்கொண்டு விழுந்தேன்.

ஒரு சங்கடம் இருக்கிறது, டாக்டர் சொல்லாதது.
நுரை முகத்தை மூடிவிடும்.
இருபது வருஷமாய் நான் வெள்ளையைத்தான் வழித்திருக்கிறேன்.
எண்ணெயில் எல்லாம் தெரிகிறது,
நரை எத்தனை, மரு எங்கே,
தாடைக்குக் கீழே இடப்பக்கம்
முடி மேலேறி வளைந்து போடும் ஒரு சுழி,
கிணற்றில் கல் விழுந்த இடம் போல.
அங்கே குறுக்கே இழுக்கணும்.
நேரே இறங்கினால் ரத்தம்.

அதே சுழி மலைச்சாமிக்கும் உண்டு.
என்னைவிட இரண்டு வயசு இளையவன்.
கல்யாணத்தன்று காலையில் அங்கேதான் வெட்டிக்கொண்டான்.
மாலைக்கு மேலே பிளாஸ்திரி எட்டிப் பார்க்கும் போட்டோ
இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

வாதி மலைச்சாமி.
பிரதிவாதி சோணைமுத்து, அது நான்.
பதினோரு சென்ட், அரைக் கிணறு.
நாலு வருஷம், முப்பத்தோரு வாய்தா.

ஆரப்பாளையத்தில் ஏழு பத்து பஸ்.
பக்கத்து சீட்காரர்
இரண்டு தடவை என் பக்கம் மூக்கைத் திருப்பினார்.
செக்கானூரணி தாண்டியதும் ஜன்னல் காற்று
கழுத்தில் பட்டது. எரியவில்லை.

உசிலம்பட்டி கோர்ட் வராந்தா.
அதே பெஞ்சின் மறுகோடியில் அவன்.
காலருக்கு மேலே மூன்று கீறல்.
ஒன்றில் பேப்பர் துணுக்கு ஒட்டி
நடுவில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.
எதிர்த்தரப்போடு ஒரு வார்த்தை கூடாது என்று
வக்கீல் சொல்லியிருக்கிறார்.
எனக்கு வாய் நிற்கவில்லை.
"சுழிகிட்ட குறுக்கால இழு.
நல்லெண்ண. நாலு சொட்டு போதும்."
அவன் திரும்பவில்லை.
காலரை மட்டும் தூக்கி விட்டுக்கொண்டான்.
ஜட்ஜ் லீவு.
அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி.

பதினெட்டாம் தேதி மழை.
சுவரோரம் சொட்டும் குடைகள்,
ஜெராக்ஸ் மை வாடை, ஈர பெல்ட் வாடை,
அதற்குள் இன்னொன்று.
என் வக்கீல் மூக்கை உறிஞ்சினார்:
"யாருய்யா இங்க டிபன் பிரிச்சது?"
நான் கட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.
மலைச்சாமி எதிர்ச்சுவர் காலண்டரில்
தேதி தேடிக்கொண்டிருந்தான்.
கழுத்தில் ஒரு கீறல் இல்லை.

டவாலி இரண்டு பேரையும் கூப்பிட்டார்.
கிணற்று விஷயத்தில் நான் விடுவதாய் இல்லை,
அவனும் விடமாட்டான்.
முன்னால் நடந்தவனின் காதடியில்
துடைக்காமல் விட்ட
துளி பயத்தமாவு.

அதை நான் சொல்லவே இல்லையே அவனிடம்.